ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க: பணிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இறந்தோரை நினைவுகூர்தற்கெனச் சில எழுத்து வடிவங்களை யாழ்ப்பாணத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாகப் பேணி வந்துள்ளது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி அச்சிட்டு வழங்கப்படும் கல்வெட்டும், ஒரு காலத்திற் பெருவழக்காயிருந்த சரமகவியும் அவற்றுட் குறிப்பிடத்தக்கன. குடிவழி கூறி, கொடையும் குணநலனும் போற்றி, பிரிவாற்றாமையைப் புலப்படுத்தி முடிதல் இவ்வடிவங்களின் பொது இயல்பு. சமூக வரலாற்று ஆய்வாளனுக்கு இவை பெறுமதி மிக்க மூலங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவற்றிடத்து ஒரு குறைபாடும் உண்டு. இறந்தவர் வாழ்ந்த காலத்தின் முரண்பாடுகள் யாவும் நீங்கிப்போக, குணங்களின் நிரல் ஒன்றே எஞ்சி நிற்கின்றது.

திருச்சபைத் தலைவர்களைப் பற்றிய நினைவு மலர்களும் இதற்கு விலக்கல்ல. ‘எளிமையானவர்’, ‘பணிவு மிக்கவர்’ என்னும் தொடர்கள் அவற்றில் தவறாது இடம்பெறுகின்றன. உயர்பதவி வகித்த ஒருவர் சாதாரண மக்களுடன் முகமலர்ந்து பேசினார், ஆடம்பரமின்றி உடுத்தார், கிடைத்ததை உண்டார் என்பனவே பெரும்பாலும் இத்தொடர்களுக்குப் பொருளாகக் கொள்ளப்படுகின்றன. இவை போற்றத்தக்க பண்புகளே. ஆனால் இத்தகைய பணிவு அதிகாரத்தைச் சிறிதும் அசைப்பதில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கீழுள்ளோரிடத்துக் காட்டப்படும் இன்முகத்துக்கும், மேலுள்ளோர் முன்னிலையிலும் தன் இனத்தார் முன்னிலையிலும் உண்மையை ஒப்புக்கொள்ளும் பணிவுக்குமிடையே வேறுபாடு பெரிது. இரண்டாவது வகைப் பணிவுக்கு எடுத்துக்காட்டாக, 1962 முதல் 1983 வரை குருநாகல் மறைமாவட்டத்தின் அங்கிலிக்கன் ஆயராக விளங்கிய லக்ஷ்மன் விக்கிரமசிங்கவை இக்கட்டுரையில் நோக்குவோம். அவர் 1983 ஒக்டோபர் 23 ஆம் நாள் ஐம்பத்தாறாவது வயதிற் காலமானார். அதற்குச் சில வாரங்களின் முன்னர் அவர் எழுதிய ஒரு மடலே அவரை நாம் நினைவுகூர்தற்கு முதற்காரணம். அம்மடலின் பொருளை விளங்கிக்கொள்ள, அதனை எழுதியவர் எவ்வர்க்கத்தினின்றும் எத்தகைய திருச்சபையினின்றும் வந்தவர் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

1

லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1927 இற் பிறந்தார். தந்தையார் சி. எல். விக்கிரமசிங்க குடியேற்ற ஆட்சிக்கால இலங்கைச் சிவில் சேவையில் உயர்பதவி வகித்து, காணி ஆணையாளராகவும் விளங்கியவர். தமையனார் எஸ்மண்ட் விக்கிரமசிங்க லேக்ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை நிருவகித்தவர். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டி. ஆர். விஜேவர்த்தனவின் மகளை மணந்தவர். அவ்விஜேவர்த்தனவின் சகோதரியின் மகனே ஜே. ஆர். ஜயவர்த்தன. எஸ்மண்டின் மகன் ரணில் விக்கிரமசிங்க, 1983 இல் ஜயவர்த்தனவின் அமைச்சரவையிற் கல்வி அமைச்சர். பின்னாளிற் பலமுறை பிரதமராகவும், 2022 முதல் 2024 வரை ஜனாதிபதியாகவும் இருந்தவர். சுருங்கக்கூறின், நிருவாகம், பத்திரிகை, அரசியல் ஆகிய மூன்று துறைகளிலும் ஆளும் வர்க்கத்தின் மையத்தோடு பிணைந்திருந்த குடும்பம் அது.

கொழும்பு றோயல் கல்லூரியிலும் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஒக்ஸ்போர்டிலும் கற்ற அவர், அரசியல் விஞ்ஞானத்தைச் சிறப்பாகப் பயின்றவர். அத்தகைய பின்னணியுடைய ஓர் இளைஞனுக்குச் சிவில் சேவையும் பாராளுமன்றமும் இயல்பான வழிகளாயிருந்தன. அவர் தேர்ந்துகொண்டதோ குருத்துவம். 1952 இற் குருப்பட்டம் பெற்றபின் அவர் ஆற்றிய பணிகளுள் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர் குருவாகப் பணியாற்றியதும் ஒன்று. பல்கலைக்கழகச் சூழலின் அரசியல் விவாதங்களும் இடதுசாரிச் சிந்தனைகளும் அவருக்குப் புறத்தே நின்று கேட்ட செய்திகளல்ல.

அவர் சேர்ந்த திருச்சபையின் நிலையும் இவ்விடத்துக் கருதத்தக்கது. அங்கிலிக்கன் திருச்சபை பிரித்தானிய ஆட்சியாளரின் திருச்சபையாக இலங்கையிற் கால்கொண்டது. 1880கள் வரை அரச வருமானத்திலிருந்து அதன் குருமார்க்குக் கொடுப்பனவு வழங்கப்பட்டது. 1845 இற் கொழும்பு மறைமாவட்டமும் 1950 இற் குருநாகல் மறைமாவட்டமும் நிறுவப்பட்டன. நாட்டின் மக்கட்டொகையிற் கிறிஸ்தவர் யாவரையும் ஒருங்கே எண்ணினும் நூற்றுக்கு எட்டுக்கு மேற்படார். அவர்களுள்ளும் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். எண்ணிக்கையில் மிகச் சிறியதாயினும், ஆங்கிலக் கல்வியாலும் உத்தியோகத்தாலும் அங்கிலிக்கன் திருச்சபை பெற்றிருந்த செல்வாக்கு அவ்வெண்ணிக்கைக்குச் சிறிதும் பொருத்தமற்றது. 1956 இன் அரசியல் மாற்றத்தின் பின்னர் சிங்கள பௌத்த இயக்கம் அதனை நோக்கித் தொடுத்த குற்றச்சாட்டுகளில் ஒரு பகுதி நியாயமானதே என்பதை நாம் மறுத்தற்கில்லை.

2

லக்ஷ்மன் விக்கிரமசிங்க முப்பத்தைந்து வயதில் ஆயராகிய 1962 ஆம் ஆண்டு பல வகையிலும் திருப்புமுனையான ஓர் ஆண்டாகும். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்மூலம் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றிருந்தது. கிறிஸ்தவ திருச்சபைகளின் செல்வாக்குக்கு நூறாண்டுக்கு மேலாக அடித்தளமாயிருந்த கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் கைமாறிவிட்டன. 1962 ஜனவரியில் முறியடிக்கப்பட்ட இராணுவ, பொலிஸ் அதிகாரிகளின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியிற் சம்பந்தப்பட்டோருட் பெரும்பாலார் கிறிஸ்தவர். எனவே கிறிஸ்தவர்மீதான ஐயம் மேலும் வலுப்பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. அது கத்தோலிக்கரின் சங்கமாயினும், சமூக அநீதியைத் திருச்சபை எவ்வாறு எதிர்கொள்ளல் வேண்டும் என்னும் வினாவை ஏனைய சபைகளிடத்தும் கூர்மைப்படுத்தியது.

இழந்த சலுகைகளை மீட்பதற்காகப் போராடுவதா, அன்றிச் சலுகையற்ற நிலையில் மக்களோடு வாழக் கற்றுக்கொள்வதா என்னும் வினா இலங்கைத் திருச்சபைகளின் முன் எழுந்தது இவ்வாறே. குருநாகல் மறைமாவட்டம் முதல் ஆயரான லக்தாச டி மெல்லின் காலத்திலேயே இவ்வினாவுக்கு ஒரு விடையைத் தேடத் தொடங்கியிருந்தது. வழிபாட்டிற் சிங்கள இசை மரபு இடம்பெறலாயிற்று. கண்டியக் கட்டடக் கலை மரபைத் தழுவிக் கிறிஸ்து அரசர் பேராலயம் குருநாகலில் எழுப்பப்பட்டது. அந்நியம் எனப் பழிக்கப்பட்ட ஒரு சமயம் மண்ணின் வடிவங்களை ஏற்றுக்கொண்ட இம்முயற்சி பெரிதும் பாராட்டத்தக்கது.

ஆயின் இம்முயற்சியின் உள்ளமைந்த ஒரு முரண்பாட்டையும் நாம் சுட்டுதல் வேண்டும். சுதேசியம் என்பது யாருடைய சுதேசியம்? குருநாகல் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் சிங்களக் கிராமங்கள் மட்டுமன்றிக் கண்டி, மாத்தளைப் பகுதிகளின் பெருந்தோட்டங்களும் அடங்கின. அத்தோட்டங்களில் 1854 இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்னும் பெயரோடு தொடங்கிய அங்கிலிக்கன் பணியின் வழிவந்த தமிழ்ச் சபைகள் இருந்தன. பணியின் பெயரிலேயே மக்களின் இழிநிலையைப் பொறித்துவைத்த காலம் அது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதெனவும், அம்மக்களை ஒரு சொல்லும் வினவாது தீர்மானித்தது. பேராலயத்தின் கூரை கண்டிய மரபினதாகும்போது, அக்கண்டிய மலைகளில் உழைத்து நாடிழந்தவனுக்கு அக்கூரையின்கீழ் இடம் யாது? பண்பாட்டுச் சுதேசியம் பெரும்பான்மை இனத்தின் தேசியவாதத்தோடு எளிதிற் கலந்துவிடக்கூடியது. சமூக நீதி என்னும் உரைகல் இல்லாதவிடத்து அது ஒரு மேலாதிக்கத்தை நீக்கி இன்னொன்றை நிறுவுவதாகவே முடியும்.

லக்ஷ்மன் விக்கிரமசிங்கவின் இருபத்தோராண்டு ஆயர் பணியின் வளர்ச்சியை இந்தப் பண்பாட்டுச் சுதேசியத்திலிருந்து சமூகச் சுதேசியத்தை நோக்கிய நகர்வு எனலாம். இந்நகர்வில் அவர் தனிமரமுமல்லர். குருநாகலுக்கு அண்மையில் இப்பாகமுவையில் யோகான் தேவானந்த 1957 இல் நிறுவிய தேவசரண ஆச்சிரமம், காலப்போக்கில் விவசாயிகளின் கூட்டுப்பண்ணையாகவும், பௌத்தரும் கிறிஸ்தவரும் மார்க்சியரும் உரையாடும் களமாகவும் வளர்ந்தது. கத்தோலிக்கருள் லியோ நாணயக்கார கண்டி ஆயர் பதவியை விட்டு 1972 இற் புதிதாக அமைந்த, வறிய பதுளை மறைமாவட்டத்தை ஏற்றுச்சென்றார். போல் கஸ்பர்ஸ் அடிகள் கண்டியில் ‘சத்தியோதய’ நிறுவனத்தை 1972 இல் தொடங்கி, தோட்டத் தமிழருக்கும் சிங்களக் கிராமத்தாருக்குமிடையே பணியாற்றினார். மைக்கல் ரொட்றிகோ அடிகள் புத்தளைப் பகுதியின் பௌத்தக் கிராமத்தில் ஏழைகளோடு வாழ்ந்து, 1987 நவம்பரில் வழிபாட்டின்போதே சுட்டுக்கொல்லப்பட்டார். திருச்சபைகளின் உத்தியோகபூர்வ வரலாறுகளில் ஓரத்தில் நிற்கும் இவர்களே, எழுபதுகளின் இலங்கைக் கிறிஸ்தவத்தின் முற்போக்கு அணி.

3

1971 ஏப்ரிற் கிளர்ச்சியும் அதனை அடக்கிய முறையும் அவ்வணியினரின் சிந்தனையைப் பெரிதும் பாதித்தன. ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் கொல்லப்பட்டனர், பல்லாயிரவர் தடுத்துவைக்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே குடியியல் உரிமைகள் இயக்கம் தோன்றியது. அவ்வியக்கத்துடன் இணைந்து உழைத்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க பின்னர் அதன் தலைவராகவும் விளங்கினார். கிளர்ச்சியாளரை விசாரிக்க 1972 இற் கொண்டுவரப்பட்ட குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம், பொலிஸாரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்க இடமளித்தது. சாதாரண சட்டத்தின் பாதுகாப்பை நீக்கும் அவ்வேற்பாட்டை இயக்கம் எதிர்த்தது.

ஏழாண்டுகளின் பின்னர் அதே வழிமுறை வேறோர் இளைஞர் கூட்டத்துக்கு எதிராகத் திரும்பியது. 1979 யூலையில் நிறைவேறிய பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடமோ அதற்கு மேற்பட்ட அதிகாரியிடமோ அளிக்கப்படும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக்கியதோடு, பதினெட்டு மாதங்கள்வரை ஒருவரைத் தடுத்துவைக்கவும் அதிகாரமளித்தது. இம்முறை அதன் இலக்கு தமிழ் இளைஞர். குடியியல் உரிமைகள் இயக்கம் இதனையும் எதிர்த்தது. 1982 டிசெம்பர் 22 ஆம் நாள் பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி ஆறாண்டுகளால் நீடிக்க நடத்தப்பட்ட மக்கள் தீர்ப்பையும் எதிர்த்தது.

இத்தொடர்ச்சி முக்கியமானது. சிங்கள இளைஞனுக்காக 1971 இற் கோரிய நீதியைத் தமிழ் இளைஞனுக்காக 1979 இற் கோருதல் தருக்கரீதியாக எளிதான அடுத்த படியே. அரசியல்ரீதியாக அஃது எளிதன்று என்பதை அக்காலத்தை அறிந்தோர் அறிவர். முன்னதைக் கோரியவனுக்குத் தன் இனத்தவரிடத்து அநுதாபம் கிடைக்கலாம். பின்னதைக் கோரியவனுக்குத் துரோகி என்னும் பட்டமே கிடைக்கும். சட்டத்தின்முன் சமத்துவம் என்னும் தாராண்மைக் கோட்பாட்டை நாம் ‘முதலாளித்துவ’ வரையறைக்குட்பட்டது என விமரிசிக்கலாம். ஆயினும் அக்கோட்பாட்டை இன எல்லைக்கு அப்பாலும் உண்மையாகக் கடைப்பிடித்தோர் எத்தனை பேர் எனக் கேட்டல் அதனினும் பொருத்தமானது.

4

1983 யூலை 23 ஆம் நாள் இரவு திருநெல்வேலியில் விடுதலைப் புலிகளின் தாக்குதலிற் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு பொறளைக் கனத்தையிலிருந்து பரவிய வன்முறை கொழும்பையும் தென்னிலங்கை நகரங்களையும் மலையகத்தின் பகுதிகளையும் சூழ்ந்தது. கொல்லப்பட்ட தமிழரின் தொகை குறித்து அரசாங்கக் கணக்கு சில நூறுகளையும், ஏனைய மதிப்பீடுகள் மூவாயிரம்வரையும் கூறுகின்றன. அரசின் காவலில் இருந்தோரும் தப்பவில்லை. யூலை 25 ஆம், 27 ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்த் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ்க் குருமார் சிலரும் எமது பல்கலைக்கழக உலகைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரும் அச்சிறையில் உயிர்தப்பியோருள் அடங்குவர்.

யூலை 28 ஆம் நாள் ஜனாதிபதி ஜயவர்த்தன நாட்டுக்கு உரையாற்றினார். நிகழ்ந்தவற்றைப் பிரிவினைக் கோரிக்கைக்குச் சிங்கள மக்கள் காட்டிய எதிர்வினையாக விளக்கிய அவ்வுரையில், பாதிக்கப்பட்ட தமிழர்க்கு ஓர் ஆறுதற் சொல்லும் இருக்கவில்லை. சில நாட்களில் கம்யூனிஸ்ட் கட்சி, நவ சமசமாஜக் கட்சி, மக்கள் விடுதலை முன்னணி ஆகிய மூன்று இடதுசாரிக் கட்சிகளும் தடைசெய்யப்பட்டன. ஓகஸ்ட் முற்பகுதியில் நிறைவேறிய ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைக் கட்டாயமாக்க, தமிழர் விடுதலைக் கூட்டணியினர் பாராளுமன்றத்தை விட்டு நீங்கினர். இவ்வாறு பாதிக்கப்பட்டோரின் பிரதிநிதிகளும் இடதுசாரிகளும் வாய்மூடப்பட்ட நிலையில், குற்றத்துக்குப் பழியைப் பிறர்மீது ஏற்றும் விளக்கம் ஒன்றே உத்தியோகபூர்வமாக எஞ்சியது.

அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே லக்ஷ்மன் விக்கிரமசிங்க தம் மறைமாவட்டத்தார்க்கு எழுதிய மேய்ப்பு மடல் வெளிவந்தது. இதயத்திலிருந்து எழும் கதறல் என்னும் பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் அது பரவலாக அறியப்பட்டது. அதன் சாரத்தை நாம் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவதாக, பாதுகாப்பற்ற தமிழர்மீது யூலையிற் பெரும்பாலும் சிங்களவரால் நிகழ்த்தப்பட்ட பழிவாங்கலை எந்த ஒழுக்கநெறியாலும் நியாயப்படுத்த இயலாது. இரண்டாவதாக, இதனைச் சிங்களவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வெட்கப்படுதல் வேண்டும். மூன்றாவதாக, அவ்வெட்கம் சரியான காரணங்களைக் கொண்டதாக அமைதல் வேண்டும்.

மூன்றாவது கருத்தே நம் ஆய்வுக்குப் பெரிதும் உரியது. யூலைக்குப் பின்னர் வெட்கப்பட்ட சிங்களவர் பலர் இருந்தனர் என்பது உண்மை. நாட்டின் நற்பெயர் உலகில் கெட்டது என்றும், உல்லாசப் பிரயாணிகள் வாராதொழிவர் என்றும், காடையர் சிலர் சட்டத்தைக் கையிலெடுத்தனர் என்றும் அவர்கள் வருந்தினர். இக்காரணங்கள் யாவும் ஒரு பொதுத்தன்மையுடையன. அவற்றுள் எதிலும் தமிழர் மையத்தில் இல்லை. நாட்டின் முகமும் பொருளாதாரமும் ஒழுங்குமே பாதிக்கப்பட்டோராகக் காட்டப்படுகின்றன. ஆயர் கோரியதோ வேறு. இன்னோர் இனத்தார்க்கு நாம் இழைத்த அநீதியின் பொருட்டு, சிங்களவர் என்ற முறையிலேயே வெட்கப்படல் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. காடையர்மீது பழியைப் போட்டு மற்றையோர் கைகழுவும் வழியை அஃது அடைத்துவிடுகின்றது.

5

இங்கு ஒரு மொழிப் பிரச்சினை எழுகின்றது. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தன்மைப் பன்மைக்குச் சொல் ஒன்றே. தமிழில் முன்னிலையாரையும் உளப்படுத்தும் ‘நாம்’ ஒன்று. அவரை விலக்கி நிற்கும் ‘நாங்கள்’ மற்றொன்று. உளப்பாட்டுத் தன்மை என நம் இலக்கணகாரர் இவ்வேறுபாட்டின் ஒரு கூற்றை நெடுங்காலத்துக்கு முன்பே குறித்துள்ளனர். ஆயரின் மடலைத் தமிழாக்க முனைவோர் அவரது ‘வி’ என்னும் ஆங்கிலச் சொல்லை எங்ஙனம் பெயர்ப்பது? சிங்கள வாசகனை நோக்குங்கால் அது ‘நாம்’ ஆகும்: நாம் இதனைச் செய்தோம், நாம் வெட்கப்படல் வேண்டும் என அவனையும் தம்மோடு குற்றக்கூண்டில் நிறுத்துகின்றார். தமிழ் வாசகனை நோக்குங்கால் அது ‘நாங்கள்’ ஆகும்: நாங்கள் உங்களுக்கு இதனைச் செய்தோம் என்னும் அறிக்கையாகின்றது.

பணிவு பற்றி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இங்கேயே உண்டு. ஆயர் தனி மனிதராக யூலையிற் குற்றம் எதனையும் இழைத்தவரல்லர். பன்னிரண்டு ஆண்டுகளாக உரிமைகளுக்காகக் குரல்கொடுத்து வந்தவர். ‘அவர்கள் செய்தார்கள்’ என எழுதும் தகுதி நாட்டில் எவருக்கேனும் இருந்திருப்பின் அஃது அவருக்கே இருந்தது. அத்தகுதியை அவர் பயன்படுத்த மறுத்தார். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் தானியேலும் நெகேமியாவும் தாம் செய்யாத பாவங்களையும் தம் மக்களோடு சேர்ந்து பன்மையில் அறிக்கையிடுகின்றனர். அம்மரபை வழிபாட்டிற் கேட்டுப் பழகிய திருச்சபையோர் பலர்; அரசியலில் அதனைக் கைக்கொண்டோர் மிகச் சிலர். தம் உறவினரே ஆட்சிபீடத்தில் வீற்றிருந்த வேளையில், தம் இனத்தவரின் முன்னிலையில், தம்மையும் குற்றத்துள் அடக்கிப் பேசியதே அவரது பணிவு. இதனை இயல்பான குணம் என்பதினும், உயர்ந்தோன் என்னும் இடத்தைத் துறந்த ஒரு செயல் எனக் கொள்ளுதல் தகும்.

இச்செயலின் எல்லைகளையும் கூறாது விடின் நாமும் சரமகவியே பாடியவராவோம். மடல் ஒன்றினால் அரசு மாறவில்லை. ஆயர் மறைந்தபின் கால்நூற்றாண்டுக்கு மேலாகத் தொடர்ந்த போர் 2009 மே மாதத்திற் பேரழிவோடு முடிந்தது. இனப்பிரச்சினையைக் குற்றவுணர்வின் பிரச்சினையாகச் சுருக்குதல், நிலம், மொழி, கல்வி, அதிகாரப் பகிர்வு முதலிய பொருள்வகை அடித்தளங்களை மறைத்துவிடவும் கூடும். மனச்சாட்சியுள்ள தனிமனிதர் வர்க்க உறவுகளை மாற்றுவதில்லை என்னும் மார்க்சிய விமரிசனமும் தள்ளத்தக்கதன்று. ஆங்கிலம் கற்ற நடுத்தர வர்க்கத்தினரிடையேயே பெரிதும் வேரூன்றியிருந்த உரிமைகள் இயக்கம், கிராமத்துச் சிங்கள உழைப்பாளியிடம் இக்கருத்தைக் கொண்டுசெல்லும் வலுவைப் பெறவில்லை.

ஆயினும் மனச்சாட்சியின் அரசியற் பெறுமதியை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. லக்ஷ்மன் விக்கிரமசிங்க சில வாரங்களிற் கூறியதை இலங்கை அரசின் தலைவர் ஒருவர் கூறுவதற்கு இருபத்தோராண்டுகள் சென்றன. 2004 யூலை 23 ஆம் நாளே ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கறுப்பு யூலைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். அந்த இருபத்தோராண்டுகளும் பிறப்பித்தவற்றை நாம் அறிவோம். உண்மை உரிய காலத்திற் கூறப்படாமையும் வரலாற்றின் காரணிகளுள் ஒன்றே.

6

தமிழ் வாசகராகிய நாம் இவ்வாயரை எவ்வாறு நினைவுகூர்கின்றோம் என்பது இறுதியாக எஞ்சும் வினா. ‘நல்ல சிங்களவர்’ ஒருவர் இருந்தார் எனக் கூறி அமைதல் வழக்கமான முறை. இதில் ஒரு வசதி உண்டு. அவரை விதிவிலக்காக்குவதால் ஏனையோர்பற்றிய நம் முடிவுகள் உறுதிப்படுகின்றன. அவருடைய வினாவோ நம்மைத் தொடாது போய்விடுகின்றது. இது அவரைக் கல்வெட்டில் அடைத்துவிடும் இன்னொரு வழியே.

அவருடைய வினாவை நம்மிடத்துத் திருப்பினால் நாம் 1990 ஒக்டோபரை எதிர்கொள்ளல் வேண்டும். அம்மாதத்தின் பிற்பகுதியில் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000 இற்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30 ஆம் நாள் வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தலைமுறைகளாக அயலில் வாழ்ந்தோர், வீட்டையும் கடையையும் நகையையும் விட்டு நீங்கினர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினர் (யாழ்ப்பாணம்) தம் அறிக்கைகளிற் பதிவுசெய்ததுபோன்ற சில குரல்கள் எழவே செய்தன. ஆனால் கோயில், திருச்சபை, பல்கலைக்கழகம், இலக்கிய அமைப்புகள் என நம் நிறுவனங்கள் பெரும்பாலும் மௌனம் காத்தன. அச்சம் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. எதிர்த்துப் பேசியோர் உயிரிழந்த காலம் அது. ஆனால் அச்சம் நீங்கிய பின்னரும் ‘புலிகள் செய்தார்கள்’ என்னும் படர்க்கைப் பன்மையிலேயே நம்மிற் பலர் பேசி வருகின்றோம். நமது போராட்டத்தின் நற்பெயருக்கு ஏற்பட்ட களங்கம் என வருந்துகின்றோம். 1983 இன் பின்னர் தென்னிலங்கையில் எழுந்த அதே பிழையான காரணங்கள் இவை.

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றெனச் சமன்செய்வது நம் நோக்கமன்று. அரசின் பலமும் பாத்திரமும் வேறு. ஓர் ஆயுத இயக்கத்தின் பலமும் பாத்திரமும் வேறு. பாதிக்கப்பட்ட இனம் தானும் பாதிப்பை இழைத்தது என்பதனால் அதன் நியாயமான கோரிக்கைகள் பொய்யாவதில்லை. ஆயின் ஓர் இனத்தின் கோரிக்கை நியாயமானது என்பதால் அவ்வினத்தின் பெயரால் நிகழ்ந்தவை யாவும் நியாயமாவதுமில்லை. குருநாகல் ஆயர் தம் இனத்தாரிடத்துக் கேட்டது இதுவே. அதனை நாம் பாராட்டியதும் இதன் பொருட்டே. பாராட்டிய ஒன்றை நமக்கு விதியாகக் கொள்ளாதுவிடின் அப்பாராட்டு வெறும் வாய்ச்சொல்.

ஆகவே லக்ஷ்மன் விக்கிரமசிங்கவை நினைவுகூர்தல் என்பது அவரது குணநலன்களை நிரற்படுத்துவதோடு முடிவதன்று. தன் மக்களை நேசித்த ஒருவர் அவர்கள் குற்றத்தைத் தம்முடையதாக ஏற்றுப் பேசினார் என்பது வரலாற்று உண்மை. அதிலிருந்து நாம் கற்கக்கூடிய இலக்கணம் எளியது. நம்முட் பேசும்போது ‘நாம்’ எனவும், வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோரை நோக்கும்போது ‘நாங்கள்’ எனவும் சொல்லப் பழகுதல் வேண்டும். அவ்வாறே இங்குச் சொல்லி முடிக்கின்றோம்: அயலவராய் வாழ்ந்த உங்களை அனுப்பிவிட்டு, நாங்கள் பேசாதிருந்தோம்.